‘5 நிமிடத்தில் ஆட்டோ, இல்லாவிட்டால் ₹50’: ஒரு விளம்பர வழக்கும், உங்கள் புகார் போய்ச் சேர வேண்டிய இடமும்

2025 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், செயலி வழியாக ஆட்டோ, பைக் சவாரி தரும் ராபிடோ நிறுவனத்துக்கு ₹10 லட்சம் அபராதம் விதித்தது. இரண்டு விளம்பரங்கள் காரணம். ஒன்று, 5 நிமிடத்தில் ஆட்டோ வரும், வராவிட்டால் ₹50 தருகிறோம் என்றது. மற்றது, ஆட்டோ கிடைப்பது நிச்சயம் என்றது. 120-க்கும் மேற்பட்ட நகரங்களில், பல மாநில மொழிகளில், ஏறத்தாழ 548 நாட்கள் இவை ஓடின.

ஐம்பது ரூபாய்க்காக யார் மெனக்கெட்டுப் புகார் கொடுப்பார்கள் என்று தோன்றும். கொடுத்தார்கள். தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் 2023 ஏப்ரல் முதல் 2024 மே வரையான 14 மாதங்களில் இந்த நிறுவனத்தின் மீது 575 புகார்கள் பதிவாயின. அடுத்த 14 மாதங்களில், 2024 ஜூன் முதல் 2025 ஜூலை வரை, 1,224. சொன்ன சேவை கிடைக்கவில்லை, பணம் திரும்பவில்லை, கூடுதலாக வசூலித்தார்கள், 5 நிமிட வாக்கு காப்பாற்றப்படவில்லை என்று பலவகை. நிறுவனத்துக்கு அனுப்பி வைத்த பிறகும் பெரும்பாலானவை தீராமல் கிடந்தன. ஆணையம் தன் முடிவுக்கு எடுத்துக்கொண்ட சான்றுகளில் இந்தத் தேக்கமும் ஒன்று. தனித்தனியாகப் பார்த்தால் பயனற்றுப் போனவை என்று தோன்றும் புகார்கள், ஒரே பதிவேட்டில் சேர்ந்தபோது வழக்கின் முதுகெலும்பு ஆயின.

வாக்கு எங்கே முறிந்தது

பெரிய எழுத்து சொன்னது ₹50. நிபந்தனை சொன்னது ‘₹50 வரை’. அந்த ‘வரை’ என்ற ஒரு சொல்லுக்குள் ஐந்து ரூபாயும் அடங்கும். அதுவும் பணமாக வராது, ‘ராபிடோ காயின்’ என்ற செயலிக்குள் மட்டும் செல்லுபடியாகும் புள்ளியாக வரும். அந்தக் காயினைக் கொண்டு ஆட்டோவில் ஏற முடியாது, பைக் சவாரிக்கு மட்டுமே கழித்துக்கொள்ளலாம். 7 நாளில் காலாவதி. கைக்குழந்தையோடு ஆட்டோவுக்குக் காத்து நின்றவர், அந்த இழப்பீட்டைப் பயன்படுத்த வேண்டுமானால் ஒரு வாரத்துக்குள் பைக்கின் பின்னிருக்கையில் உட்கார வேண்டும்.

‘நிச்சயம்’ என்ற சொல்லுக்கும் இதே கதி. உத்தரவாதம் தருவது தனித்தனி ஓட்டுநர்களே, நிறுவனம் அல்ல என்று நிபந்தனையில் இருந்தது. விளம்பரத்தில் நிறுவனத்தின் பெயர், பொறுப்பு மட்டும் ஓட்டுநர் தலையில். இவை அனைத்தும் விளம்பரத்தில் வாசிக்கவே முடியாத பொடி எழுத்தில் கிடந்தன.

2022 ஜூனில் வந்த தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்கள் இந்த இடத்தில் மிகத் தெளிவானவை. நிபந்தனைக் குறிப்பு, விளம்பரம் சொன்னதை விளக்கலாம், தெளிவாக்கலாம். முக்கியமான தகவலை மறைக்கவோ, பெரிய எழுத்தில் சொன்னதை மறுக்கவோ, தவறான வாக்கைச் சரிசெய்யவோ அதைப் பயன்படுத்தக் கூடாது. குறிப்பு, விளம்பரத்தின் மொழியிலேயே இருக்க வேண்டும். எழுத்துருவும் விளம்பர வாக்கின் எழுத்துருவாகவே இருக்க வேண்டும். தமிழில் கொட்டை எழுத்தில் சலுகையை அறிவித்து, அடியில் ஆங்கிலத்தில் நிபந்தனை போடும் துண்டுப் பிரசுரங்களும் பேருந்து விளம்பரங்களும் நம் ஊர்களில் எத்தனை! அந்த மொழி மாற்றம் ஒன்றே புகாருக்குப் போதிய காரணம். இதைப் பலரும் கவனிப்பதில்லை.

ஆணையம் அபராதத்தோடு நிற்கவில்லை. விளம்பரத்தை உடனே நிறுத்தச் சொன்னது. சலுகையைப் பயன்படுத்தியும் சொன்ன ₹50 கிடைக்காத எல்லோருக்கும் முழுத் தொகையைத் திருப்பித் தரச் சொன்னது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி முதல்முறைக்கு ₹10 லட்சம் வரை, மீண்டும் செய்தால் ₹50 லட்சம் வரை அபராதம் போடலாம். அதாவது முதல்முறைக்கு உரிய உச்ச அபராதமே இங்கு விழுந்தது.

முதலில் தீர்மானிக்க வேண்டியது

புகார் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் வழி தவறுவது ஒரே இடத்தில்தான். என் பணம் திரும்ப வேண்டும், இந்த விளம்பரம் நிற்க வேண்டும், ஏமாற்றியவன் பிடிபட வேண்டும் ஆகிய மூன்றையும் ஒரே மனுவில் எழுதி ஒரே அலுவலகத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். இந்த மூன்றுக்கும் இடம் வேறு, கால அளவு வேறு. விளம்பரத்தை நிறுத்தும் அமைப்பு உங்கள் தனிப்பட்ட நஷ்டத்தைக் கணக்கிட்டு இழப்பீடு தராது. இழப்பீடு தரும் நுகர்வோர் குறைதீர் ஆணையம் இன்றிரவு பறிபோன பணத்தை முடக்காது. முகவரி உள்ள கம்பெனி சொன்னதைச் செய்யவில்லை என்றால் அது நுகர்வோர் வழக்கு. முகமே தெரியாதவன் பணத்தைப் பிடுங்கிக்கொண்டான் என்றால் அது சைபர் குற்றம். அங்கே மணிக்கணக்கல்ல, நிமிடக் கணக்கு.

பணம் போய்விட்டது என்றால்

வேறு எதையும் செய்யும் முன் 1930. இது தேசிய சைபர் குற்ற உதவி எண். மோசடிக்காரன் பணத்தை வாங்கிய கணக்கில் வைத்திருக்க மாட்டான். வாடகைக்கு எடுத்த கணக்குகள் வழியாக இரண்டு மூன்று வங்கிகளுக்கு மாற்றி ஏடிஎம்மில் எடுப்பான். 1930-இல் பதிவானதும் அந்தப் பரிவர்த்தனை விவரம் இணைப்பில் உள்ள வங்கிக்குப் போகும். பணம் அங்கே இருந்தால் முடக்கப்படும், அடுத்த வங்கிக்கு நகர்ந்திருந்தால் தகவலும் அடுத்த வங்கிக்கு நகரும். பணம் எடுக்கப்பட்டுவிட்டால் முடக்க ஒன்றும் இருக்காது.

அழைக்கும்போது கையில் இருக்க வேண்டியவை: எந்த வங்கி அல்லது வாலட்டிலிருந்து போனது, தொகை, நாள், நேரம், பரிவர்த்தனை எண். யுபிஐ என்றால் 12 இலக்க எண் ஒன்று இருக்கும், செயலியின் பரிவர்த்தனை விவரத்தில் ‘யுடிஆர்’ என்றோ ‘யுபிஐ ரெஃபரன்ஸ்’ என்றோ காணலாம். பலர் இதற்குப் பதிலாக ஆங்கில எழுத்துகள் கலந்த செயலியின் சொந்த எண்ணை வாசித்துவிடுகிறார்கள். அதை வைத்து வங்கியில் தேடுவது தாமதமாகும். ஐந்து தவணையாகப் பணம் போயிருந்தால் ஐந்து எண்களையும் சொல்ல வேண்டும். மொத்தத் தொகையை மட்டும் சொன்னால் முடக்கம் முழுமையாக நடக்காது.

அழைப்பு முடிந்ததும் குறுஞ்செய்தியில் ஒப்புகை எண் வரும். அதைக் கொண்டு 24 மணி நேரத்துக்குள் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் முழு விவரத்தையும் ஸ்கிரீன்ஷாட்டுகளையும் ஏற்ற வேண்டும். போன் பண்ணியாயிற்று என்று பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். புகார் பாதியில் தொங்குகிறது.

அதே நாளில் வங்கிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். 2017 ஜூலை 6-ஆம் தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை வகுத்த விதி இது: வாடிக்கையாளர் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வெளியார் வழியாக மோசடி நடந்து, 3 வேலை நாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை. 4 முதல் 7 வேலை நாள் என்றால் கணக்கின் வகைக்கேற்ப ஒரு வரம்பு வரை அவர் தாங்க வேண்டும். ஓடிபியை அவரே சொல்லிவிட்டிருந்தால் தெரிவிக்கும் நேரம் வரையான நஷ்டம் அவருடையது, தெரிவித்த பிறகு போவது வங்கியுடையது. ஓடிபி சொல்லிவிட்டோமே என்ற வெட்கத்தில் இரண்டு நாள் மறைத்து வைப்பவர்கள் அந்த இரண்டு நாளின் நஷ்டத்தையும் தங்கள் தலையில் ஏற்றிக்கொள்கிறார்கள். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, பதில் ஏற்கும்படி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையவழியில் போகலாம். விசாரிக்க 14448.

தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் சைபர் குற்றக் காவல் நிலையம் உண்டு. மனு கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சிஎஸ்ஆர் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். ‘இது எங்கள் எல்லை இல்லை’ என்ற பதில் இனி செல்லாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தர இடம் கொடுக்கிறது. முடக்கிய பணம் தானாகக் கணக்குக்குத் திரும்பிவிடாது. பல நேரங்களில் நீதித்துறை நடுவரிடம் மனு போட்டு உத்தரவு பெற வேண்டியிருக்கும். அதனால் ஒப்புகை எண், சிஎஸ்ஆர், வங்கிக் கடிதம் மூன்றும் ஒரே உறையில் இருக்கட்டும்.

இன்னொரு வலை இங்கேதான் விரிக்கப்படுகிறது. பணத்தை இழந்தவரைத் தேடி ‘மீட்டுத் தருகிறோம், கட்டணம் இவ்வளவு’ என்று அழைப்பு வரும். 1930-க்கோ அரசுப் புகார் தளத்துக்கோ கட்டணம் கிடையாது. கேட்டால் அது இரண்டாவது மோசடி.

பணம் போகவில்லை, சந்தேகமான அழைப்போ வாட்ஸ்அப் செய்தியோ வந்தது, அவ்வளவுதான் என்றால் அதற்கு இடம் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தின் ‘சக்‌ஷு’ பிரிவு. 2024 மார்ச்சில் தொடங்கியது. பணம் இழந்தவர்கள் இங்கே எழுதி நேரத்தை இழக்கக் கூடாது. தொல்லை தரும் விளம்பரக் குறுஞ்செய்திக்கு 1909. செய்தி வந்த 7 நாளுக்குள் கொடுக்க வேண்டும். அனுப்பியவர் பெயரின் கடைசியில் உள்ள எழுத்தைப் பாருங்கள்: ‘பி’ என்றால் விளம்பரம், ‘எஸ்’ சேவை, ‘டி’ பரிவர்த்தனை, ‘ஜி’ அரசு. வங்கியிலிருந்து வந்ததாகச் சொல்லும் செய்தி பத்து இலக்கச் சாதாரண மொபைல் எண்ணிலிருந்து வந்திருந்தால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

கம்பெனிதான் ஏமாற்றியது என்றால்

1915. தேசிய நுகர்வோர் உதவி எண். காலை 8 முதல் இரவு 8 வரை, தமிழிலும் பேசலாம். 88000 01915 என்ற வாட்ஸ்அப் எண்ணிலும், மத்திய அரசின் உமங் செயலியிலும் பதியலாம். கட்டணம் இல்லை. புகார் நேராக நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்குப் போகும், அவர்கள் பதில் எழுத வேண்டும். இது நீதிமன்றம் அல்ல. நிறுவனம் மறுத்தால் கட்டாயப்படுத்தும் அதிகாரம் இந்த மையத்துக்குக் கிடையாது. ஆனால் ராபிடோ வழக்கு காட்டுவதுபோல, தீராத புகார்களும் எண்ணிக்கையாக நிற்கின்றன.

இங்கே அடிக்கடி நடக்கும் கோளாறு: ‘தங்கள் பிரச்சினை கவனிக்கப்பட்டது, சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று நிறுவனம் இரண்டு வரி எழுதும், புகார் முடிந்ததாகக் குறிக்கப்படும். பணம் வந்திருக்காது. அப்படியே விட்டால் கணக்கில் அது தீர்ந்த புகார். ‘தீரவில்லை, தொகை வரவில்லை’ என்று கருத்தைப் பதிந்து புகாரை உயிரோடு வைக்க வேண்டும். புகார் எண்ணையும் அந்த இரண்டு வரிப் பதிலையும் பத்திரப்படுத்துங்கள். பின்னால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குப் போடும்போது, கம்பெனிக்கு வாய்ப்புக் கொடுத்தோம் என்பதற்கு அதுவே சாட்சி.

விளம்பரம் ஊரையே ஏமாற்றுகிறது என்றால் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு எழுதலாம். இதற்கு டெல்லியை நோக்கித்தான் போக வேண்டும் என்பதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, நுகர்வோர் பலரைப் பாதிக்கும் தவறான விளம்பரம் பற்றிய புகாரை மாவட்ட ஆட்சியரிடமும் கொடுக்கலாம் என்கிறது. 16-ஆம் பிரிவு விசாரிக்கும் அதிகாரத்தை அவருக்குத் தருகிறது. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் பட்டா, முதியோர் உதவித்தொகை மனுக்களுக்கு நடுவே இப்படி ஒரு மனுவையும் கொடுக்கலாம் என்பது தெரியாததால் இந்த வழி பெரும்பாலும் சும்மா கிடக்கிறது. மனுவின் முதல் வரியிலேயே ‘2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 17-இன் கீழ்’ என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் அது வேறு துறைக்குத் திருப்பி விடப்படும்.

விளம்பரத்தை மட்டும் நிறுத்தினால் போதும் என்றால் இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் விரைவான வழி. 77100 12345 வாட்ஸ்அப் எண்ணுக்கு விளம்பரப் படத்தை அனுப்பலாம். இது விளம்பரத் துறையே 1985-இல் அமைத்துக்கொண்ட சுயகட்டுப்பாட்டு அமைப்பு. பணம் வாங்கித் தராது, அபராதமும் போடாது. விளம்பரத்தைத் திருத்தச் சொல்லும்.

துறை சார்ந்த புகார்களுக்குத் தனி இடங்கள் உண்டு. பங்குச் சந்தை, பதிவு பெற்ற தரகர் அல்லது ஆலோசகர் என்றால் பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபியின் ‘ஸ்கோர்ஸ்’ தளம். காப்பீடு என்றால் ‘பீமா பரோசா’, தொலைபேசி 155255. உணவுக் கலப்படம், பொய்யான உணவு விளம்பரம் என்றால் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் 94440 42322. எம்ஆர்பிக்கு மேல் விற்றால் தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவு. சர்க்கரை நோயை அடியோடு போக்கும் சூரணம் என்ற வகை விளம்பரங்களுக்கு 1954-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இருக்கிறது. நீரிழிவு அந்தச் சட்டத்தின் தடைப் பட்டியலில் இருக்கும் நோய்.

அதிக வட்டி தருவதாகப் பணம் திரட்டும் நிறுவனம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மாதம் 25, 30 சதவீதம் வட்டி என்று சொல்லி ஆருத்ரா கோல்டு நிறுவனம் சுமார் ஒரு லட்சம் பேரிடம் ₹2,438 கோடி திரட்டியதாகத் தமிழகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிந்தது. இவ்வகைப் புகார்கள் 1997-ஆம் ஆண்டு தமிழ்நாடு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும். சென்னை, மதுரை, கோவையில் சிறப்பு நீதிமன்றங்கள் உள்ளன. சொத்துகளை முடக்கி ஏலம் விட்டுப் பணத்தைப் பகிர்ந்தளிக்கும் வழி இந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது. ‘புகார் கொடுத்தவர்களுக்குப் பணம் வராது, காத்திருந்தால் செட்டில் பண்ணுவோம்’ என்று ஏஜென்ட்டுகள் சொல்வார்கள். நம்பாதீர்கள். புகார்தாரர் பட்டியலில் பெயர் இல்லாதவருக்குப் பின்னால் உரிமை கோருவது கடினமாகும். நிறுவனம் இன்னும் பணம் வாங்கிக்கொண்டிருக்கும் நிலையிலேயே சந்தேகம் வந்தால் ரிசர்வ் வங்கியின் ‘சாஷே’ தளத்தில் சொல்லலாம்.

புகாரை எழுதும் விதம்

ஆட்டோ விளம்பரத்தையே எடுத்துக்கொள்வோம். ‘இந்தக் கம்பெனி மக்களை ஏமாற்றுகிறது, கடும் நடவடிக்கை எடுக்கவும்’ என்று எழுதினால் நடவடிக்கை எடுக்க அதில் ஒன்றும் இல்லை. இப்படி இருக்க வேண்டும்:

“மார்ச் 3 அன்று காலை 9.10-க்குச் செயலியில் ஆட்டோ பதிவு செய்தேன். 5 நிமிடத்தில் வராவிட்டால் ₹50 என்ற விளம்பரம் அதே திரையில் இருந்தது (படம் 1). ஆட்டோ 9.26-க்கு வந்தது (படம் 2). எனக்கு வரவு வைக்கப்பட்டது 20 காயின். மார்ச் 10-இல் காலாவதி, பைக்குக்கு மட்டும் (படம் 3). விளம்பரத்தின் நிபந்தனை வாசிக்க முடியாத அளவில் உள்ளது (படம் 4). எனக்கு ₹50 ரொக்கமாக வேண்டும். விளம்பரம் திருத்தப்பட வேண்டும்.”

எட்டு வாக்கியம். வாக்கு, நடந்தது, வித்தியாசம், கேட்பது எல்லாம் இருக்கிறது. படம் எடுக்கும்போது முழுத் திரையும் வரட்டும். மேலே உள்ள நேரத்தையும் தேதியையும் வெட்டிவிடாதீர்கள். பேருந்து நிறுத்தப் பலகை என்றால் தள்ளி நின்று முழுதாக ஒன்று, பொடி எழுத்துக்கு அருகில் போய் ஒன்று. நிபந்தனைப் பக்கத்தை முதல் நாளே பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். புகார் போன மறுநாள் அந்தப் பக்கம் மாறிவிடக் கூடும். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். வழக்கு என்று வந்தால் மூலக் கருவி கேட்கப்படலாம்.

கம்பெனியின் பெயரில்தான் பல மனுக்கள் தடுக்கி விழுகின்றன. கடைப் பலகையில் இருப்பது பிராண்ட், வழக்குப் போட வேண்டியது பதிவு பெற்ற நிறுவனத்தின் மீது. ராபிடோவை நடத்துவது ரோப்பென் டிரான்ஸ்போர்ட்டேஷன் சர்வீசஸ். பில்லின் அடியிலோ செயலியின் நிபந்தனைப் பக்கத்திலோ பதிவுப் பெயரும் முகவரியும் இருக்கும். அதைப் பார்த்து எழுதாவிட்டால் நோட்டீஸ் சேராமல் திரும்பி வரும், இரண்டு மாதம் வீணாகும்.

கடைசி வழி: ஆணையம்

உங்கள் நஷ்டத்துக்கு இழப்பீடும் மன உளைச்சலுக்குத் தொகையும் வேண்டும் என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பொருளுக்கோ சேவைக்கோ நீங்கள் கொடுத்த விலை ₹50 லட்சம் வரை இருந்தால் இங்கே. ₹2 கோடி வரை மாநில ஆணையம். அதற்கு மேல் தேசிய ஆணையம். கேட்கும் இழப்பீட்டை வைத்து இது தீர்மானிக்கப்படுவதில்லை. விலை ₹5 லட்சம் வரை கட்டணமே இல்லை. வக்கீல் வைப்பது கட்டாயமில்லை. கம்பெனி மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரின் ஆணையத்திலேயே போடலாம். 2025 ஜனவரி முதல் ‘இ-ஜாக்ரிதி’ தளம் வழியாக இணையத்தில் தாக்கல் செய்யலாம்.

அதற்கு முன் கம்பெனிக்கு 15 நாள் அவகாசம் கொடுத்து ஸ்பீடு போஸ்டில் ஒரு நோட்டீஸ் அனுப்பி, சேர்ந்ததற்கான அத்தாட்சியை வைத்துக்கொள்ளுங்கள். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். 1915-இல் புகார் நிலுவையில் இருக்கிறது என்பதால் இந்தக் கெடு நிற்காது. கம்பெனியின் ‘பார்க்கிறோம், பார்க்கிறோம்’ மின்னஞ்சல்களை நம்பி இரண்டு ஆண்டைத் தாண்டவிட்டவர்கள், தாமதத்துக்குக் காரணம் காட்டித் தனி மனு போட வேண்டியதாகிறது.

தீர்ப்பு மாவட்ட ஆணையத்தில் பாதகமாக வந்தால் 45 நாளுக்குள் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு. சாதகமாக வந்தும் கம்பெனி பணம் கட்டாவிட்டால் அதே ஆணையத்தில் நிறைவேற்று மனு போடுங்கள். உத்தரவை மீறுபவருக்குச் சட்டத்தின் 72-ஆம் பிரிவு ஒரு மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையோ, ₹25,000-க்குக் குறையாமல் ₹1 லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. அந்த மனுவின் நோட்டீஸ் கையில் கிடைத்த பிறகுதான் காசோலை எழுதும் நிறுவனங்கள் உண்டு; தீர்ப்பு நகலோடு வீட்டுக்குப் போய்விடாமல் அந்த மனுவையும் போட்டுவிடுங்கள்.